மேப்பிள் மரமும் வேர்க் கவாத்தும்

"உயிருள்ள ஒரு மரத்தின் வேரை வெட்டி வெட்டிக் குறளாக்கி, தட்டில் நிறுத்தி அழகு பார்ப்பது அறமாகுமா?" என்று நம் சங்கத்து அன்பர் ஒருவர் வினவியிருக்கிறார். ஜப்பானியர் போற்றி வளர்க்கும் போன்சாய் மரங்களைக் குறித்தே இவ்வினா. முல்லைக் கொடிக்குத் தேரீந்த பாரியின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இத்தகைய ஐயம் எழுவது இயல்பே. ஆயினும், வினாவின் அடியிலேயே ஒரு பிழை புகுந்திருக்கிறது. வேரை வெட்டுவதனால் மரம் குறளாவதில்லை. தொட்டியில் வாழும் மரம் மூச்சு முட்டி மாளாமல் இருப்பதற்கே வேரை வெட்டுகிறார்கள். இம்மாதம் பெரிய மேப்பிள் மரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் தொட்டி மாற்றும் பணியை அடியிலிருந்து முடிவரை காண்போம். காரணங்கள் தாமாகவே விளங்கும்.

மரம் சிறிதாக இருப்பதற்குக் காரணங்கள் இரண்டு. ஆழமில்லாத தொட்டி வேரின் பரப்பை வரையறுக்கிறது. ஆண்டுதோறும் தளிரைக் கிள்ளியும் கிளையைக் கத்தரித்தும் மேற்புறத்தை மனிதன் வரையறுக்கிறான். இதில் மருந்தும் இல்லை, மாயமும் இல்லை. விதையின் இயல்பு சிறிதும் மாறுவதில்லை. நூறாண்டு தொட்டியில் நின்ற மேப்பிளை நல்ல நிலத்தில் இறக்கிவிட்டால், அது மீண்டும் தன் இனத்தைப் போலவே ஓங்கி வளரத் தொடங்கும். காட்டில் 6 முதல் 10 மீட்டர் வரை உயரும் மரம் அது.

மேப்பிள் என்றவுடன் 1965ஆம் ஆண்டு முதல் கனடா நாட்டுக் கொடியில் இடம்பெற்றுள்ள இலை பலர் நினைவுக்கு வரும். காஷ்மீரத்துச் சினார் மரத்தையும் இலையின் சாயலைக் கண்டு மேப்பிள் என்று கூறுவோர் உளர். அது வேறு குடும்பம். நாம் பேசும் மேப்பிள் ஜப்பான், கொரியா முதலிய நாடுகளின் மலைச்சரிவில் வளர்வது. சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் துன்பர்க், 1784இல் இதற்கு ஏசர் பால்மேட்டம் என்று பெயர் சூட்டினார். உள்ளங்கை போன்ற இலையுடையது என்பது அதன் கருத்து. ஜப்பானியரோ இதனைத் தவளையின் கையாகக் கண்டனர். அவர்கள் வழங்கும் 'கயேதே' என்ற சொல், தவளைக் கை என்னும் பழஞ்சொல்லின் திரிபு. இலையுதிர் காலத்தில் செம்மை பூண்டு நிற்கும்போது அதற்கு 'மொமிஜி' என்று பெயர். லத்தீனைவிடத் தவளையே பொருத்தமாக நமக்குத் தோன்றுகிறது.

இனித் தொட்டிக்குள் நோக்குவோம். மேப்பிளின் வேர் மிகுந்த வேகமுடையது. புதுமண்ணில் வைத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் சல்லிவேர்கள் தொட்டியின் சுவரைத் தொட்டு, திரும்பி, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றத் தொடங்கும். மண்துகளுக்கு இடையிலிருந்த காற்றிடமெல்லாம் வேரால் நிறையும். அடியில் பாய் முடைந்தாற்போல் ஒரு வேர்ப்படலம் உருவாகும். அதன் உந்துதலால் மரமே தொட்டியின் விளிம்புக்கு மேலே எழும்புவதைக் காணலாம். ஊற்றிய நீர் மேலேயே நிற்கும். அல்லது சுவரோரமாக வழிந்தோடிவிட, நடுப்பகுதி வறண்டு கிடக்கும். காற்றின்றி வேர் சுவாசிக்க இயலாது. நீர் தேங்கும் இடத்தில் அழுகல் பற்றும்.

இதனால் மரம் ஒரே நாளில் சாவதில்லை. அதுதான் இதிலுள்ள துன்பம். முதலாண்டில் நுனிக்குச்சிகள் சில காயும். அடுத்த ஆண்டு இலை மெலியும். பிறகு ஒருநாள், தந்தை கம்பி கட்டி வளைத்து, மகன் முப்பது ஆண்டு கிளைபடுத்திய கீழ்க்கிளை ஒன்று தளிர்விடாமல் நின்றுவிடும். மேற்கிளை போனால் வேறொன்றை வளர்த்துக்கொள்ளலாம். அடிக்கிளை போனால், அதே பருமனும் அதே முதிர்ச்சியும் உள்ள கிளையை வளர்த்தெடுக்க ஒருவர் வாழ்நாள் போதாது. வேரை வெட்ட அஞ்சி மரத்தின்மேல் இரக்கம் கொள்பவர் இழப்பது இதைத்தான்.

வெட்டினால் மரம் எவ்வாறு தாங்குகிறது? நம் உழவர் பெருமக்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. நாற்றங்காலில் நாற்றைப் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றைக் காலில் தட்டி உதறி, முடிகட்டி எடுத்துச் சென்று வயலில் நடுகிறார்கள். பழைய வேர்களுட் பல அறுந்துபோகின்றன. சில நாள் நாற்று வெளுத்து நிற்கிறது. பின்னர்ப் புதுவேர் பிடித்துப் பசுமை கட்டுகிறது. மேப்பிளிலும் நிகழ்வது ஏறக்குறைய இதுவே. வேரின் நுனி இருக்கும்வரை பக்கவேர்களின் வளர்ச்சியை அது அடக்கி வைக்கிறது. நுனியை நீக்கினால் வெட்டுவாயின் அருகிலிருந்து பல வேர்கள் கிளைக்கின்றன. மேலே விரியும் மொட்டுகளில் சுரக்கும் ஆக்சின் என்னும் வளர்ச்சிப் பொருள் கீழிறங்கி இதனைத் தூண்டுகிறது. ஒரு தடித்த வேர் இருந்த இடத்தில் பத்து மெல்லிய வேர் தோன்றுமாயின் மரத்துக்கு அது ஆதாயமே. நீரையும் உப்பையும் உறிஞ்சுபவை மெல்லிய வேர்களே. தடித்தவை பெரும்பாலும் தாங்குவதற்கும் கடத்துவதற்கும் உரியவை.

எல்லா மரத்துக்கும் இத்துணைத் துணிவு ஆகாது என்பதையும் சொல்ல வேண்டும். பைன் மரத்தின் வேரைச் சுற்றி ஒருவகைப் பூஞ்சை வெண்போர்வையாகப் படர்ந்து அதனோடு கூட்டுவாழ்வு நடத்துகிறது. ஆகவே பழைய மண்ணில் ஒரு பகுதியை விட்டுவைத்தே பைனுக்குத் தொட்டி மாற்றுவர். வலிமையுள்ள மேப்பிளுக்குப் பழைய மண் முழுவதையும் நீரால் கழுவி எடுத்தாலும் கேடில்லை.

ஆனால் பருவம் தவறக்கூடாது. குளிர்காலம் முடிந்து, இலைமொட்டுகள் பருத்து நிறம் மாறி, இன்னும் விரியாதிருக்கும் சில வாரங்களே இதற்குரிய காலம். தோக்கியோவைச் சூழ்ந்த கந்தோ வட்டாரத்தில் இது பிப்ரவரிக் கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதிவரை, நம் கணக்கில் மாசியும் பங்குனித் தொடக்கமும் ஆகும். சென்ற இலையுதிர் காலத்தில் சேமித்த மாவுப்பொருள் அப்போது தண்டிலும் வேரிலும் நிறைந்திருக்கும். நீரை ஆவியாக்கி இழக்க இலை இல்லை. வேரோ விழித்தெழும் தறுவாயில் உள்ளது. இலை விரிந்தபின் இதே வெட்டை வெட்டினால், மேலே செலவு மிகுந்து கீழே வரவு நின்றுபோன குடும்பத்தின் நிலைதான். மிக முந்தி வெட்டினாலும் ஆறாத வெட்டுவாயை உறைபனி தாக்கும். நாட்காட்டியைவிட மொட்டை நம்புவதே நன்று.

அந்தப் பருவத்தில் இப்பணியைக் கண்ணாரக் காண விரும்புவோர் செல்லத்தக்க இடம், தோக்கியோவுக்கு வடக்கே சைத்தாமா நகரில் உள்ள ஓமியா. 1923ஆம் ஆண்டின் பெருநிலநடுக்கத்துக்குப் பிறகு, தோக்கியோ நகருக்குள் வாழ்ந்த போன்சாய் வல்லுநர் சிலர் நல்ல நீரும் காற்றும் மண்ணும் நாடி இங்கே குடியேறினர். 1925இல் போன்சாய்ச் சிற்றூர் உருவாயிற்று. பத்து மரமேனும் வைத்திருத்தல் வேண்டும், தோட்டத்தை எவரும் காணத் திறந்துவைத்தல் வேண்டும், வேலி உயிர்வேலியாய் இருத்தல் வேண்டும், மாடிவீடு கட்டலாகாது என்பவை 1928இல் அவர்கள் தமக்குத் தாமே விதித்துக்கொண்ட கட்டுப்பாடுகள். இன்று விரல்விட்டு எண்ணத்தக்க தோட்டங்களே எஞ்சியுள்ளன. எனினும் 2010இல் திறக்கப்பட்ட போன்சாய்க் கலைக்கூடமும் அவற்றின் அருகே இருப்பதால், ஒரு நாளைச் செலவிட்டவர் வருந்தமாட்டார்.

பெரிய மரத்தில் முதல் இடர் அதன் எடையே. 80 சென்டிமீட்டர் நீளம், 55 அகலம், 12 ஆழம் உள்ள தொட்டியை எண்ணிப் பாருங்கள். அது ஏறத்தாழ 52 லிட்டர் கொள்ளும். நீரூறிய மண் மட்டுமே ஐம்பது கிலோவுக்கு மேல் கனக்கும். அதனுடன் சுட்ட மண்தொட்டியும் தொடைப்பருமன் அடிமரமும் சேர்ந்தால் ஒருவர் தூக்கும் பொருளன்று. இரண்டு மூன்று பேர் வேண்டும். கிளையைப் பற்றித் தூக்குவது அறவே கூடாது. அடிமரத்தில் துணி சுற்றிக் கயிறிட்டுத் தூக்க வேண்டும்.

இரண்டொரு நாள் முன்பே நீரைக் குறைத்துக்கொள்வர். ஈரமண் சேறாக ஒட்டும். சற்றுக் காய்ந்த மண் எளிதில் உதிரும். முதலில் தொட்டியின் அடியில் முறுக்கியிருக்கும் பழைய கட்டுக்கம்பிகளை வெட்டுவார்கள். இதனை மறந்து இழுப்பவர் வேரையும் தொட்டியையும் ஒருங்கே கெடுப்பர். பின்னர்ச் சுவரையொட்டிச் சுற்றிலும் கருக்கரிவாளாலோ மெல்லிய அரத்தாள் வாளாலோ அறுத்துவர வேண்டும். வாய் உட்புறமாக வளைந்த தொட்டியாயின் இவ்வறுப்பு இல்லாமல் மரம் வெளிவரவே வராது. வந்த மரத்தைச் சுழலும் மேடைமேல் நிறுத்தி, உடனே ஈரச்சாக்கைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நுண்வேர்கள் வெயிலும் காற்றும் பட்டால் சில நிமிடங்களிலேயே உலர்ந்துவிடும். மரத்துக்கு வெட்டைவிடக் கொடியது இந்த உலர்ச்சி. காற்று வீசும் நாளில் இப்பணியைத் தொடங்காமல் இருப்பதே அறிவுடைமை.

அடுத்து, அடியிலுள்ள வேர்ப்படலத்தை வாளால் மொத்தமாக அறுத்து நீக்குவர். பார்ப்பவர்க்கு நெஞ்சம் துணுக்குறும். நீக்கப்படுவதில் பெரும்பகுதி, சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று நெருக்கிய வேர்தான். பிறகு ஒற்றைக் கொக்கியை எடுத்து, அடிமரத்திலிருந்து வெளிநோக்கி, தாய் மகளின் சிக்குத் தலையை வாருவதுபோல் வார வேண்டும். குறுக்காக இழுத்தால் வேரின் பட்டை உரியும். நடுவிலுள்ள இறுகிய மண் கொக்கிக்கு மசியாதாயின், நீரைப் பாய்ச்சிக் கரைப்பர். பல ஆண்டுகளாக எவரும் காணாத வேரமைப்பு அப்போதுதான் புலப்படும்.

இங்குதான் கைத்திறன் கண்திறனாக மாறுகிறது. அடிமரத்தைச் சுற்றி நாற்புறமும் பரந்து, மண்ணைக் கவ்விப் பிடித்தாற்போல் மேலே தெரியும் வேர்களை ஜப்பானியர் 'நெபாரி' என்பர். ஒரு மேப்பிளின் மதிப்பில் பாதி இதில் அடங்கும் என்று கூறலாம். கீழ்நோக்கி இறங்கும் தடித்த வேரை அடியோடு நீக்குவர். அது நெபாரிக்கும் உதவாது, ஆழமற்ற தொட்டிக்கும் பொருந்தாது. ஒன்றன்மேல் ஒன்று ஏறிய வேரில் ஒன்றை எடுப்பர். மற்றத் தடித்த வேர்களை, அவை கிளைவிட்ட இடத்துக்குச் சற்று அப்பால் வெட்டுவர். வெட்டுவாய் கீழ்நோக்கிச் சரிந்து, கூரிய கருவியால் நசுங்காமல் அமைய வேண்டும். நசுங்கிய வாயில் அழுகலே முளைக்கும்.

எவ்வளவு வெட்டலாம்? நலமுள்ள மேப்பிளில் வேர்த்திரளின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை எடுப்பது வழக்கம். இளமரத்துக்கு இரண்டாண்டுக்கு ஒருமுறையும், முதிர்ந்த மரத்துக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறையும் இப்பணி அமையும். ஆனால், ஒரே பக்கத்துப் பெருவேர்கள் இரண்டு மூன்றை ஒரே ஆண்டில் எடுத்துவிட்டால், அவற்றுக்கு நேர்மேலே உள்ள கிளை வாடுவது உண்டு. இவ்வாண்டு ஒன்று, அடுத்த முறை ஒன்று என்று பொறுத்திருப்பதே முறை. மெலிந்த மரத்துக்குக் கணக்கு வேறு: அழுகிய வேரை மட்டும் நீக்கி, மண்ணை மாற்றி, மற்றவற்றைத் தொடாமல் விடுவர்.

மண்ணைப் பற்றிப் பலரும் தவறாக எண்ணியிருக்கிறார்கள். தோட்டத்துக் கரிசலோ செம்மண்ணோ எருவுடன் சேர்ந்தால் எதற்கும் போதும் என்பது நம்மவர் நம்பிக்கை. நிலத்துக்கு அது போதும். தட்டையான தொட்டிக்குப் போதாது. நனைந்த பஞ்சு ஒன்றைத் தட்டையாகப் பிடியுங்கள். சொட்டு நின்ற பிறகு அதனையே நிமிர்த்திப் பிடியுங்கள். மீண்டும் நீர் வடியும். உயரம் குறைந்தால் அடியில் தங்கும் நீரின் பங்கு மிகும் என்பதற்கு இதுவே சான்று. ஆழமற்ற தொட்டியில் நுண்மண்ணை இட்டால் பாதித் தொட்டி எந்நேரமும் சேறாகவே கிடக்கும். அதனால் ஜப்பானியர் 'அகதாமா' என்னும் குருணை மண்ணைப் பயன்படுத்துகின்றனர். எரிமலைச் சாம்பலிலிருந்து தோன்றிய கந்தோச் செம்மண்ணின் குருணை அது. நீரைத் தன்னுள் உறிஞ்சிக்கொள்ளும். குருணைகளுக்கு இடையே காற்றையும் விட்டுவைக்கும். சலித்துத் தூசியை நீக்கிய பின்னரே இடுவர். சில ஆண்டுகளில் குருணை நொறுங்கிச் சேறாகிவிடும். தொட்டி மாற்ற அதுவும் ஒரு காரணம்.

தொட்டித் துளைகளுக்கு வலை பொருத்தி, கட்டுக்கம்பியை முன்னரே கோத்து, மண்ணைச் சிறு மேடாகக் குவித்து, அதன்மேல் மரத்தை அமர்த்த வேண்டும். அமர்த்தி இடவலமாகச் சிறிது திருகினால் அடிமரத்தின் கீழுள்ள வெற்றிடம் நிரம்பும். பிறகு கம்பியால் வேரோடு சேர்த்துக் கட்டுவர். கம்பி படும் இடத்தில் ரப்பர்த் துண்டு வைப்பர். இக்கட்டினைப் பகட்டென்று எண்ணற்க. மரம் காற்றில் ஆடினால், அன்று முளைத்த புதுவேர் அன்றே அறும். மண்ணை மூங்கில் குச்சியால் வேரிடுக்குகளில் இறக்க வேண்டும்; குத்தி இறுக்கலாகாது. இறுதியாகப் பூவாளியால் நீர் ஊற்றி, துளை வழியே வரும் நீர் கலங்கல் நீங்கித் தெளியும்வரை ஊற்ற வேண்டும்.

அடுத்த மூன்று நான்கு வாரம் மரத்துக்கு ஓய்வு. காற்றும் உறைபனியும் நண்பகல் வெயிலும் படாத இடத்தில் வைத்து, மேல்மண் உலரத் தொடங்கும்போது மட்டும் நீர் ஊற்ற வேண்டும். உரம் கூடாது. புதுவேர் இல்லாத மரத்துக்கு உரமிடுவது, காய்ச்சலில் கிடப்பவருக்கு விருந்து வைப்பது போன்றது. இலைகள் விரிந்து உறுதிப்பட்ட பின், ஐந்தாறு வாரம் கழித்து மெல்லிய உரம் தொடங்கலாம்.

நம் நாட்டில் இம்மரம் வளருமா என்று கேட்பீர்கள். குளிர்காலத் துயில் இல்லாமல் மேப்பிள் நெடுநாள் வாழாது. சிம்லா, நைனிதால், டார்ஜிலிங், ஷில்லாங் போன்ற மலையூர்களில் வாழும் அன்பர்கள் துணிந்து முயலலாம். இமயத்தில் இயற்கையாகவே வளரும் மேப்பிள் இனங்களும் உள. தில்லியின் 45 பாகை வெயிலிலும் சென்னை, மும்பைக் கடற்கரைப் புழுக்கத்திலும் இதற்குச் செலவிடும் பணம் வீண். வெளிநாடு சென்று திரும்புவோர் ஆசைப்பட்டு மரத்தைப் பெட்டியில் இட்டுக் கொண்டுவருதலும் ஆகாது. 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றொதுக்க ஆணைப்படி, நலச்சான்றும் இறக்குமதி அனுமதியும் வேண்டும். செடியுடன் மண் வருதல் கூடாது.

சமவெளியில் வாழ்வோர் கைபழக ஏற்றது நம் இத்தியும் ஆலும் அரசுமே. அகதாமாவுக்குப் பதிலாக, உடைத்துச் சலித்த புதுச் செங்கல் துண்டும் பருமணலும் சிறிது இலைமக்கும் கலந்துகொள்ளலாம். சுண்ணாம்பு படிந்த பழஞ்செங்கல் வேண்டாம். பருவம் மட்டும் மேப்பிளுக்கு நேர்மாறானது: ஆலினத்துக்குக் குளிரில் கை வைக்கலாகாது. வடநாட்டில் முதல் மழை இறங்கி வெப்பம் தணியும் ஆனிக் கடைசி, ஆடித் தொடக்கத்தில் வேரைக் கத்தரியுங்கள். வெட்டுவாயில் பால் வடியும். ஈரத்துணியால் ஒற்றினால் நின்றுவிடும். முதன்முறை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம்.